கேஸ் இல்லாத ஏ.சி.

கொட்டிவாக்கத்தில் குடியிருப்பவர்களுக்கு ஏ.சி. மெக்கானிக் பாதி உறவுக்காரர். கடலைப் பார்த்த மொட்டைமாடியில் வெளி யூனிட்டை மாட்டினால், உப்புக் காற்று சில வருடங்களில் அதன் சுருளை அரித்துவிடும். கண்ணுக்குத் தெரியாத ஓட்டை ஒன்று விழும், கேஸ் இறங்கிவிடும். அக்னி நட்சத்திரத்தில் ஊரே அவரைக் கூப்பிடும்போது நம் முறை வர இரண்டு நாள் ஆகும். வந்தவர் மீட்டரை மாட்டிப் பார்த்துவிட்டு, "கேஸ் சுத்தமா இல்ல சார், ஃபில் பண்ணணும்" என்பார்.

அவர் மாடியில் வேலை பார்க்கும் நேரத்தில், பத்து கிலோமீட்டர் மேற்கே மீனம்பாக்கத்தில் கிளம்பிய விமானம் ஒன்று கடலுக்கு மேல் வளைந்து ஏறிக்கொண்டிருக்கும். உள்ளே நூற்றெண்பது பேர். சிலர் சால்வையை இழுத்துப் போர்த்திக்கொள்ளும் அளவுக்குக் குளிர். ஆனால் அந்தக் குளிரைத் தரும் இயந்திரத்தில் ஒரு கிராம் கேஸ்கூடக் கிடையாது. பெரும்பாலான ஜெட் பயணிகள் விமானங்களில் கேபினைக் குளிர்விப்பது வெறும் காற்றுதான். பயணிகள் மூச்சில் இழுக்கப்போகும் அதே காற்று.

இன்னொரு வித்தியாசமும் உண்டு. வீட்டு ஏ.சி. அறையில் இருக்கும் காற்றையே திரும்பத் திரும்ப இழுத்துக் குளிர வைக்கிறது. அது நின்றுபோனால் வியர்க்கும், அவ்வளவுதான். விமானத்து ஏ.சி.க்கோ குளிரூட்டுவது இரண்டாம் வேலை. மூச்சுக்குக் காற்று கொடுப்பதும், அந்தக் காற்றைப் போதிய அழுத்தத்தில் வைத்திருப்பதும்தான் முதல் வேலை.

வெளியே மைனஸ் 55, உள்ளே எதற்கு ஏ.சி.?

36,000 அடி உயரத்தில் வெளி வெப்பநிலை சுமார் மைனஸ் 55 டிகிரி செல்சியஸ். அவ்வளவு குளிரில் ஏ.சி. எதற்கு என்று கேட்கத் தோன்றும். பதில் பயணிகளின் உடம்பில் இருக்கிறது. சும்மா உட்கார்ந்திருக்கும் ஒரு மனிதர் ஏறக்குறைய 100 வாட் வெப்பத்தை வெளிவிடுகிறார். நூற்றெண்பது பேர் என்றால் 18,000 வாட். இதோடு விளக்குகள், மின்னணுக் கருவிகள், உணவு சூடாக்கும் அடுப்புகள், ஜன்னல் வழியே மேக மறைப்பில்லாமல் இறங்கும் வெயில் எல்லாம் சேர்கின்றன. விமானத்தின் சுவர்களுக்குள் வெப்பம் கடக்காத மெத்தைகள் இருப்பதால் இந்தச் சூடு சுலபத்தில் வெளியேறாது. வெளியே உறைபனிக் குளிர் இருந்தாலும், நிறைந்த கேபினைக் குளிர்வித்துக்கொண்டேதான் இருக்க வேண்டும்.

வெளிக் காற்றை அப்படியே உள்ளே விடவும் முடியாது. அந்த உயரத்தில் காற்றழுத்தம் கடல் மட்டத்தில் இருப்பதில் கால் பங்குக்கும் குறைவு. காற்றில் ஆக்சிஜன் அங்கேயும் 21 சதவீதம்தான். ஆனால் காற்றே மெலிந்துபோயிருக்கிறது. பாதுகாப்பு ஏற்பாடு இல்லாமல் அங்கே மாட்டிக்கொண்டால் ஒரு நிமிடத்துக்குள் நிதானம் தப்பிவிடும். 1932 அக்டோபரில் டாடாவின் தபால் விமானம் பம்பாயிலிருந்து பெல்லாரி வழியாக மதராஸ் வந்து சேர்ந்தபோது இந்தக் கவலை இல்லை. அந்தச் சின்னஞ்சிறு புஸ் மாத் விமானம் தாழ்வாகவே பறந்தது. ஜெட் எஞ்சின் உயரத்தில்தான் சிக்கனமாக ஓடும். அதனால், மனிதர்கள் வாழ முடியாத உயரத்துக்கு அவர்களுக்கான காற்றையும் தயாரித்துக்கொண்டே போக வேண்டியிருக்கிறது.

எஞ்சினில் எடுக்கும் காற்று

தயாரிப்பு தொடங்கும் இடம் எஞ்சின். முன்னால் சுழலும் பெரிய விசிறி இழுக்கும் காற்றில் ஒரு பகுதி உள்ளே கம்ப்ரஸருக்குள் போகிறது. அங்கே வரிசை வரிசையான தகடுகள் அதைப் படிப்படியாக நெருக்குகின்றன. இப்படி நெருக்கிய காற்றோடு எரிபொருள் கலந்து எரியும்போதுதான் விமானத்தைத் தள்ளும் விசை பிறக்கிறது. எரிபொருள் கலப்பதற்கு முந்தைய இடத்தில், கம்ப்ரஸரின் பக்கவாட்டில் ஒரு குழாயைச் செருகிக் கொஞ்சம் காற்றை உருவிக்கொள்கிறார்கள். விமானத் துறையில் இதன் பெயர் 'ப்ளீட் ஏர்'.

சைக்கிளுக்குக் காற்றடிக்கும்போது பம்பின் அடிப்பகுதி சுடுவதைத் தொட்டுப் பார்த்திருப்போம். நெருக்கினால் காற்று சூடாகும் என்ற அதே விதி எஞ்சினுக்குள் பூதாகாரமாக நடக்கிறது. வெளியே மைனஸ் 55-ல் நுழைந்த காற்று, உருவும் இடத்தில் 200 டிகிரியையும் தாண்டியிருக்கும். எஞ்சினை ஒட்டியே உள்ள குளிர்விப்பான் ஒன்று அதைச் சுமார் 200 டிகிரிக்கு இறக்கிக் குழாய்களில் அனுப்புகிறது. அதிக உயரத்தில் ஓசோன் வாயுவும் காற்றோடு வருமாதலால், நீண்டதூர விமானங்களில் அதைச் சிதைத்துச் சாதாரண ஆக்சிஜனாக்கும் வினையூக்கிப் பெட்டி ஒன்றும் வழியில் உண்டு.

வயிற்றுக்குள் இரண்டு பெட்டி

நம் ஊர் வழித்தடங்களில் அதிகம் பறக்கும் ஏர்பஸ் 320, போயிங் 737 இரண்டிலும், இறக்கைகள் உடலோடு சேரும் இடத்தில், கேபின் தரைக்குக் கீழே இரண்டு குளிரூட்டும் பெட்டிகள் இருக்கின்றன. பொறியாளர்கள் 'பேக்' என்பார்கள். ஒன்று பழுதானாலும் மற்றொன்றை வைத்துச் சமாளிக்கலாம். விமானங்கள் நிற்கும் தளமான ஏப்ரனில் பஸ்ஸை விட்டு இறங்கி விமானத்தின் பக்கவாட்டில் நடக்கும்போது வயிற்றுப் பக்கமிருந்து குப்பென்று அனல் அடித்தால், பேக் வெளியே தள்ளும் சூடுதான் அது.

இந்தப் பெட்டிக்குள் நடப்பதுதான் கதையின் அழகான பகுதி. 200 டிகிரிக் காற்று முதலில் ஒரு வெப்பமாற்றியைக் கடக்கிறது. விமானம் பறக்கும் வேகத்தில் வயிற்றுத் திறப்பு வழியே வந்து மோதும் குளிர்ந்த வெளிக்காற்று, இதனுடன் கலக்காமலே சூட்டை வாங்கிக்கொண்டு வெளியேறிவிடும். அடுத்து ஒரு சிறிய கம்ப்ரஸர் காற்றை மறுபடி நெருக்குகிறது. காற்று மறுபடி சூடாகிறது. ஆறவைத்த காற்றை ஏன் மறுபடி சூடாக்க வேண்டும்? வெளிக்காற்றைவிட எவ்வளவு அதிகச் சூடாக இருக்கிறதோ, அவ்வளவு தாராளமாகச் சூட்டைக் கழற்றிவிடலாம். இரண்டாவது வெப்பமாற்றியில் அந்தச் சூடும் கழல்கிறது. இப்போது கையில் இருப்பது சூடு குறைந்த, ஆனால் இன்னமும் நெருக்கப்பட்ட காற்று. அதை ஒரு டர்பைனுக்குள் பாயவிடுகிறார்கள். காற்று விரிகிறது, விரியும்போதே டர்பைனைச் சுழற்றும் வேலையையும் செய்கிறது. அந்த வேலைக்கான ஆற்றலைத் தன் வெப்பத்திலிருந்தே கொடுப்பதால், பூஜ்யத்துக்கும் கீழே குளிர்ந்து வெளிவர முடிகிறது.

டர்பைனும் அந்தச் சிறிய கம்ப்ரஸரும் ஒரே தண்டில் பூட்டியவை. ஒன்றில் கிடைக்கும் சுழற்சி மற்றொன்றை ஓட்டுகிறது. தனி மோட்டார் தேவையில்லை. நிமிடத்துக்குப் பல்லாயிரம் சுற்று சுழலும் அந்தத் தண்டு, பல விமானங்களில் எண்ணெய் இல்லாமல் ஒரு மெல்லிய காற்றுப் படலத்தின் மேலேயே மிதந்து சுழல்கிறது. வழியில் திரளும் தண்ணீரையும் வீணாக்குவதில்லை. அதைப் பிரித்தெடுத்து வெப்பமாற்றியின் முன்னால் தெளிக்கிறார்கள். அது ஆவியாகும்போது இன்னும் கொஞ்சம் சூடு குறையும்.

இந்தத் தந்திரம் விமானத்தைவிட வயதில் மூத்தது. கொட்டிவாக்கத்திலிருந்து இதே கடற்கரையோரமாக வடக்கே போனால் திருவல்லிக்கேணியில் விவேகானந்தர் இல்லம் வரும். அமெரிக்க வியாபாரி ஃபிரடெரிக் டியூடர், பாஸ்டன் பக்கத்து ஏரிகளில் வெட்டிக் கப்பலில் கொண்டுவந்த பனிக்கட்டியைச் சேமிக்க 1842-ல் கட்டிய ஐஸ் ஹவுஸ் அது. மதராஸ் துரைமார்கள் அந்த ஐஸை வாங்கிக்கொண்டிருந்த காலத்தில், ஃபுளோரிடாவில் ஜான் கோரி என்ற மருத்துவர் தம் நோயாளிகளின் அறையைக் குளிர்விக்க, காற்றை நெருக்கி, ஆறவைத்து, விரியவிட்டு ஐஸ் தயாரிக்கும் இயந்திரத்தை உருவாக்கி 1851-ல் காப்புரிமை பெற்றார். அவருக்கு அதில் காசு வரவில்லை. 1855-ல் வறுமையில் இறந்தார். ஆனால் யோசனை பிழைத்தது. 1880 பிப்ரவரியில் ஸ்ட்ராத்லெவன் என்ற கப்பல் ஆஸ்திரேலியாவிலிருந்து உறைந்த இறைச்சியைக் கெடாமல் லண்டனுக்குக் கொண்டுசேர்த்தது, பெல்-கோல்மன் என்ற காற்று இயந்திரத்தின் தயவில்தான். பிறகு, அதிகச் சக்தி தின்கிறது என்பதால் தரையில் இந்த முறை கேஸ் இயந்திரங்களிடம் தோற்றது. ஜெட் விமானம் வந்ததும் கணக்கு மாறியது. நெருக்கிய காற்று எஞ்சினிலேயே தயாராக இருக்கிறது; பெட்டி எடை குறைவு; கசிந்தாலும் கசிவது காற்றுதான். தரையில் தோற்றது வானத்தில் ஜெயித்தது.

முதல் வரிசைக்கும் முப்பதாவது வரிசைக்கும்

குளிர்ந்த காற்று கிடைத்துவிட்டது. இனி அதைப் பங்கிட வேண்டும். அமெரிக்க விதிப்படி ஒவ்வொருவருக்கும் நிமிடத்துக்கு 0.55 பவுண்டு, அதாவது சுமார் 250 கிராம் புதுக் காற்று தரும்படி விமானத்தை வடிவமைக்க வேண்டும். நூற்றெண்பது பேருக்கு நிமிடத்துக்கு 45 கிலோ. உட்கார்ந்திருக்கும் ஒருவர் மூச்சுக்கு இழுப்பது நிமிடத்துக்குப் பத்து கிராம் சொச்சம்தான். மீதியெல்லாம் சூட்டையும் வாசனையையும் கரியமில வாயுவையும் அள்ளிக்கொண்டு போவதற்கு.

இரண்டு பேக்குகளிலிருந்தும் வரும் காற்று, தரைக்கு அடியில் ஒரு கலவை அறைக்குப் போகிறது. கேபினிலிருந்து திரும்பி வரும் காற்றும், மிகச் சன்னமான வடிகட்டிகள் வழியாக அங்கே வந்து சேர்கிறது. இரண்டும் ஏறக்குறைய பாதிக்குப் பாதி. கடுங்குளிர்க் காற்று, திரும்பி வரும் வெதுவெதுப்பான காற்றோடு கலந்து பக்குவமாகிறது.

ஏர்பஸ் 320 மூன்று மண்டலங்களாகப் பிரிக்கப்பட்டிருக்கிறது: விமானி அறை, முன் கேபின், பின் கேபின். முன்னால் நெருக்கமாக ஆட்கள், பின்னால் பாதி காலி என்று வைத்துக்கொள்வோம். முன்பக்கத்துக்கு அதிகக் குளிர் வேண்டும். பின்பக்கத்துக்கு அவ்வளவு வேண்டாம். மூன்றில் எந்த மண்டலம் அதிகக் குளிர் கேட்கிறதோ, அதன் அளவுக்கே பேக்குகள் குளிர்விக்கும். மற்ற மண்டலங்களுக்குப் போகும் குழாயில், குளிர்விக்காமல் எடுத்துவைத்த எஞ்சின் சூட்டுக் காற்றைச் சொட்டுச் சொட்டாகக் கலந்து பதத்துக்குக் கொண்டுவருவார்கள். போர்வை கேட்பதற்குப் பதிலாக விமானப் பணிப்பெண்ணிடம் "கொஞ்சம் குளிரைக் குறையுங்கள்" என்று சொன்னால், உண்மையில் அங்கே திறப்பது சூட்டுக் காற்றின் வால்வு.

ஜன்னலோரம் இடம் கிடைத்தால் இந்தக் காற்றின் பாதையைப் பார்த்தே தெரிந்துகொள்ளலாம். இரண்டு ஜன்னல்களுக்கு நடுவே உள்ள சுவர்ப் பலகைக்குப் பின்னால் தட்டையான குழாய்கள் தரையிலிருந்து மேலே ஏறுகின்றன. பெட்டி வைக்கும் அலமாரிக்கு மேலும் கீழும் நீண்ட கோடாக ஒரு பிளவு தெரியும். காற்று அங்கேதான் வெளிவருகிறது. முன் வரிசைக்கு அதிகமாகவும் கடைசி வரிசைக்கு மிச்சம் மீதியாகவும் போகாமலிருக்க, குழாயின் அளவையும் வழியில் உள்ள தடுப்புத் துளைகளையும் இடத்துக்கு இடம் மாற்றி அமைத்திருக்கிறார்கள். பிளவிலிருந்து வரும் காற்று கூரையோரமாக நடுவழி வரை வந்து, பயணிகள் மேல் இறங்கி, காலடிக்குப் போகிறது. ஜன்னல் சுவரின் அடியில், பாதத்துக்குப் பக்கத்தில் கம்பித் தட்டி மாதிரி ஒரு நீள இடைவெளி இருக்கும். அதன் வழியே காற்று தரைக்குக் கீழே போய்விடுகிறது. தலைக்கு மேல் திருகித் திறக்கும் சின்னக் குழல், தனக்குத் தனியாகக் கொஞ்சம் காற்று வேண்டுபவருக்கான உபரி. சில விமானங்களில் அது இருக்காது.

இதில் கவனிக்க வேண்டியது காற்றின் திசை. அது மூக்கிலிருந்து வால் வரை கேபின் நெடுக ஓடுவதில்லை. அந்தந்த வரிசையில் மேலிருந்து இறங்கி, பெரும்பாலும் அந்த வரிசைக்கு அருகிலேயே தரைக்கடியில் இறங்கிவிடுகிறது. இரண்டு மூன்று நிமிடத்துக்கு ஒருமுறை கேபின் காற்று முழுவதும் மாறிவிடுகிறது. 2020 மே 25-ல் உள்நாட்டு விமானங்கள் மீண்டும் பறக்கத் தொடங்கியபோது, கொரோனா பயத்தில் இருந்தவர்களுக்கு விமான நிறுவனங்கள் அதிகம் விளக்கியது இதைத்தான். கேபினிலிருந்து திரும்பும் காற்றைச் சலிக்கும், ஹெப்பா எனப்படும் வடிகட்டி, ஒரு மில்லிமீட்டரில் மூவாயிரத்தில் ஒரு பங்கு அளவுள்ள துகள்களில் 99.97 சதவீதத்தைப் பிடித்துவிடும். ஆனால் பக்கத்து இருக்கைக்காரர் முகத்துக்கு நேரே இருமினால் வடிகட்டி என்ன செய்யும்? காற்று அதனிடம் போய்ச் சேர்வதற்குள் நம் மூக்குக்கு வந்துவிடும்.

கழிப்பறைக்கும் உணவறைக்கும் தனி ஏற்பாடு. அங்கிருந்து உறிஞ்சும் காற்று கலவை அறைக்குத் திரும்புவதே இல்லை. நேரே வெளியேறும் பாதைக்குப் போகிறது. கடைசி வரிசையில் உட்கார்ந்தும் பெரும்பாலும் வாடை தெரியாமல் பயணம் செய்வது இதனால்தான்.

ஊட்டிக்கும் தொட்டபெட்டாவுக்கும் நடுவில்

பாதிக் காற்று சுழற்சிக்குத் திரும்புகிறது. மீதிப் பாதி, சரக்கு அறையின் ஓரமாகப் பின்னோக்கிப் போய், வால் பக்கத்தில் உள்ள ஒரு வால்வு வழியே வெளியேறுகிறது. கேபினின் அழுத்தத்தை நிர்ணயிப்பது இந்த ஒரு வால்வுதான். எஞ்சின்கள் காற்றை உள்ளே தள்ளிக்கொண்டே இருக்கும். வால்வு கொஞ்சம் மூடினால் உள்ளே அழுத்தம் கூடும், கொஞ்சம் திறந்தால் குறையும். கணினி அதை இடைவிடாமல் திருத்திக்கொண்டிருக்கிறது.

கடல் மட்ட அழுத்தத்தை அப்படியே வைத்திருந்தால் விமானத்தின் உடல் தாங்குவதற்கு எடையைக் கூட்ட வேண்டும். அதனால் அதிகபட்சம் 8,000 அடி உயர மலையில் இருப்பது போன்ற அழுத்தம் வரை இறங்க அனுமதிக்கிறார்கள். ஊட்டி சுமார் 7,350 அடி, தொட்டபெட்டா சிகரம் சுமார் 8,650 அடி. விமானம் 36,000 அடியில் பறக்கும்போது நம் உடம்பு இருப்பது இவை இரண்டுக்கும் நடுவில் எங்கோ. எஞ்சினில் காற்று உருவாமல் மின்சாரக் கம்ப்ரஸர்களால் வெளிக்காற்றை இழுக்கும் போயிங் 787, கேபினை 6,000 அடியிலேயே நிறுத்துகிறது, அதாவது குன்னூர். 2012 செப்டம்பரில் ஏர் இந்தியாவுக்கு வந்த இந்த ரக விமானத்தில் நீண்ட பயணம் போனவர்கள் களைப்பு குறைவு என்று சொல்வதற்கு இது ஒரு காரணம்.

உள்ளே வெளியே உள்ள அழுத்த வித்தியாசம் ஒவ்வொரு சதுர சென்டிமீட்டருக்கும் அரை கிலோவுக்கு மேல். ஒரு முழுக் கதவுக்குக் கணக்குப் போட்டால் பல டன். நடுவானில் கதவை யாரும் திறந்துவிட முடியாததற்குக் காரணம் இந்த அழுத்தம். 2022 டிசம்பர் 10 அன்று திருச்சிக்குக் கிளம்பவிருந்த விமானத்தில் பயணி ஒருவர் அவசரக் கதவைத் திறந்தது சென்னை விமான நிலையத் தரையில். அங்கே அழுத்த வித்தியாசம் இல்லை.

மீனம்பாக்கத்துப் புகை

தரையில் நிற்கும்போது இதே அமைப்பு கொஞ்சம் திணறும். எஞ்சின் ஓடாததால், வாலில் இருக்கும் சிறிய துணை எஞ்சினோ, நிலையத்திலிருந்து மாட்டும் தடித்த துணிக்குழாயோதான் காற்று தர வேண்டும். வெயிலில் காய்ந்த அலுமினிய உடல், திறந்த கதவுகள், ஏறிக்கொண்டே இருக்கும் கூட்டம் எல்லாவற்றையும் அது சமாளிக்க வேண்டும். கிளம்பத் தயாரானதும் ஏ.சி. திடீரென்று ஓய்ந்து, கேபின் அமைதியாகி, புழுங்க ஆரம்பிக்கும். பழுது என்று பதற வேண்டாம். எஞ்சினைச் சுழற்றிக் கிளப்புவதற்குத் துணை எஞ்சினின் காற்று முழுவதும் தேவைப்படுவதால், ஓரிரு நிமிடம் பேக்குகளை மூடிவைக்கிறார்கள்.

சென்னை போன்ற ஈரமான ஊர்களுக்கே உரிய காட்சி ஒன்றும் உண்டு. மேல் பிளவுகளிலிருந்து வெள்ளையாகப் புகை இறங்கும். முதன்முறை பறப்பவர்கள் தீயோ என்று எழுந்தே நிற்பார்கள். நம் கடற்கரைக் காற்று 25 டிகிரி வாக்கில் குளிர்ந்தாலே நீர்த்துளியாகத் திரளும் அளவுக்கு ஈரமானது. திறந்த கதவு வழியே நுழைந்த அந்தக் காற்றில் பேக்கின் கடுங்குளிர்க் காற்று படும்போது அங்கேயே மூடுபனி உண்டாகிறது. கதவை மூடி உள்ளே ஈரம் வடிந்ததும் மறைந்துவிடும். மேலே போனால் நிலைமை தலைகீழ். 36,000 அடிக் காற்றில் ஈரமே இல்லாததால் கேபின் ஈரப்பதம் 20 சதவீதத்துக்கும் கீழே போகும். உதடு வெடிப்பதும் தொண்டை வறள்வதும் அதனால்தான்.

மறந்துபோன சுவிட்ச்

2018 செப்டம்பர் 20 அன்று மும்பையிலிருந்து ஜெய்ப்பூருக்கு 166 பயணிகளோடு கிளம்பிய ஜெட் ஏர்வேஸ் 737 விமானத்தில், எஞ்சின் காற்றைத் திறக்கும் சுவிட்சைப் போட விமானிகள் தவறிவிட்டார்கள் என்று விமானப் போக்குவரத்து இயக்குநரகம் தெரிவித்தது. விமானம் ஏற ஏற உள்ளே அழுத்தம் குறைந்தது. ஆக்சிஜன் முகமூடிகள் விழுந்தன. சுமார் முப்பது பேருக்கு மூக்கிலும் காதிலும் ரத்தம் வந்தது. விமானம் மும்பைக்கே திரும்பியதால் உயிர்கள் தப்பின. 2005 ஆகஸ்ட் 14 அன்று சைப்ரஸிலிருந்து கிளம்பிய ஹீலியோஸ் விமானத்துக்கு அந்த அதிர்ஷ்டம் இல்லை. பராமரிப்புக்குப் பிறகு அழுத்தச் சுவிட்ச் கையால் இயக்கும் நிலையிலேயே விடப்பட்டிருந்தது. எச்சரிக்கை ஒலியை விமானிகள் வேறு எதற்கோ என்று நினைத்துவிட்டார்கள். விமானிகளும் அநேகமாக எல்லாப் பயணிகளும் மயங்கிய நிலையில் தானியங்கி விமானியின் பிடியில் பறந்து, எரிபொருள் தீர்ந்து, ஏதென்ஸ் அருகே மலையில் விழுந்தது. 121 பேரும் இறந்தார்கள்.

இதையெல்லாம் தெரிந்துகொண்ட பயணி செய்ய வேண்டியவை சிலவே. காலடியில் உள்ள அந்தத் தட்டியைப் பையை வைத்து அடைக்காதீர்கள். உங்கள் வரிசைக் காற்று வெளியேறும் வழி அது. விமானம் இறங்கும்போது கைக்குழந்தைக்குப் பால் கொடுங்கள். விழுங்க விழுங்கக் காது அடைப்பு விடும். தண்ணீர் அடிக்கடி குடியுங்கள். மஞ்சள் முகமூடி கீழே தொங்கினால் அதை முதலில் நீங்கள் மாட்டிக்கொண்டு, பிறகு பக்கத்தில் இருக்கும் குழந்தைக்கு மாட்டுங்கள். அந்த உயரத்தில் நிதானம் இருப்பது அரை நிமிடமோ ஒரு நிமிடமோதான்; நீங்கள் மயங்கிவிட்டால் குழந்தைக்கு மாட்டிவிட ஆள் இருக்காது.